நேரலை என்றால் பேசுகிறேன்

ஜனவரி 18, கோயம்புத்தூர்

முழங்கால்: பரவாயில்லை. வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

பிசியோ மேடம் கொடுத்த வேலை இது. தினமும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டுமாம். ஒரு வரியோடு நிற்க எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

இன்று ஜெயித்தோம். காவிரி வேங்கைகள் என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை நாளாகப் பூனைக்குட்டிகளாகத் திரிந்தோம். இன்றைக்குத்தான் பெயருக்கு மரியாதை கிடைத்தது. நான் நிற்பது இடது ஓரம். பாடிக்கொண்டு வருகிறவள் திரும்பும் நேரம் பார்த்துக் கணுக்காலைப் பிடிக்க வேண்டும், பிடித்தால் விடக்கூடாது. கபடியில் என் வேலை அவ்வளவுதான். இன்று பிடித்த எதையும் விடவில்லை. சிறந்த ஆட்டக்காரி என்று என் பெயரைத்தான் அறிவித்தார்கள்.

அதில்தான் சிக்கல். சிறந்த ஆட்டக்காரி மைக் முன்னால் போய்ப் பேச வேண்டும். எங்கள் அணியில் டிவிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் நிர்மல் சார் வாயெல்லாம் பல்லாக வந்து கூப்பிட்டார். வரமாட்டேன் என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து, சும்மா இரண்டு வார்த்தை என்றார். அரை வார்த்தைகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் எல்லார் காதிலும் விழும்படி அவர் ஒப்பந்தத்தை வாசித்தார். அழைக்கப்படும் ஆட்டக்காரர் பேட்டி கொடுப்பது கட்டாயம். முதல் முறை மறுத்தால் எச்சரிக்கை. இரண்டாவது முறை கடைசி எச்சரிக்கை. மூன்றாவது முறை மறுத்தால் அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியாது. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி வேர்க்கடலை தின்றேன்.

ஜனவரி 19

முழங்கால்: நல்லது.

ஓய்வு நாள். முழங்கால் உறை இரண்டையும் துவைத்தேன். அந்த நாற்றத்துக்கு ஹோட்டல்காரன் எங்களை இன்னும் துரத்தாதது ஆச்சரியம்தான். ஏசி காற்று படுகிற இடத்தில் காயப்போட்டதற்கு எஸ்தர் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டினாள்.

எஸ்தர் அக்கா எங்கள் கேப்டன். தூத்துக்குடிக்காரி. எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. மைக் என்றால் அவளுக்கு உயிர். கண்ணாடி முன்னால் நின்று பேட்டிக்கு ஒத்திகை பார்ப்பாள். முதலில் ஆண்டவருக்கு நன்றி, பிறகு அப்பா அம்மா, பள்ளிக்கூட பி.டி. டீச்சர், பங்குச் சாமியார், கடைசியில் அவளை ஓடவிட்டுத் துரத்திய தெரு நாய்க்குக்கூட நன்றி. அந்தப் பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம். இத்தனை சீசனில் ஒருமுறைகூட அவளுக்கு நேரலை கிடைக்கவில்லை. பதிவு செய்து, வெட்டி, ஆண்டவரோடு முடித்துவிடுவார்கள்.

"ஏட்டி கோதை, கெடைச்ச மைக்கை எட்டி ஒதச்சிட்டு வந்திருக்கியே. ரெண்டு வார்த்தை பேசுனா வாயா தேஞ்சிரும்?"

தேயும் என்றேன். காரணம் கேட்டாள். பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

ஜனவரி 20

மத்தியானச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றும்போது டிவியில் மறுபடியும் அதையே போட்டான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். எழுதித் தொலைத்தால்தான் எனக்கு ஆறும்.

போன மாதம் டிவிக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பெரம்பலூரிலிருந்து உள்ளே போக வேண்டிய ஊர். என்னோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். கணுக்காலை எப்படிப் பிடிக்க வேண்டும், எதிராளியின் இடுப்பைப் பார்க்க வேண்டுமா பாதத்தைப் பார்க்க வேண்டுமா, எல்லாம் சொன்னேன். தரையில் படுத்துக்கூடக் காட்டினேன். பொங்கல் அன்று ஒளிபரப்பினார்கள். அவ்வளவு பேச்சில் அவர்கள் எடுத்துக்கொண்டது "எங்கம்மா" என்ற ஒரே சொல். அடுத்து அம்மா வருகிறாள். வெங்காயக் குவியல் நடுவே உட்கார்ந்து, கையில் அரிவாளோடு, கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். பின்னால் வயலின் இழுக்கிறது. ஒரு ஆண் குரல், வறுமையில் வாடும் இந்தத் தாயின் கண்ணீர் என்றைக்குக் காயும் என்று கேட்கிறது.

அம்மா சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். காலையில் பிடுங்கிய பச்சை வெங்காயம். அறுவடை தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் தபால்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் தபால் கொடுப்பார். படம் எடுத்தவனும் அன்று துடைத்துக்கொண்டுதான் எடுத்தான், நான் பார்த்தேன். சமையற்கட்டுப் பக்கம் போன எவருக்கும் தெரிகிற விஷயம் இவர்களுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள்.

என் அம்மா பெயர் மருதாம்பாள். ஊரில் மேஸ்திரியம்மா என்பார்கள். வேன் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு வெங்காயக் காடு காடாகப் போய் அறுவடையை முடித்துக்கொடுப்பவள். ஒரு தாள் நீளமாக நின்றால் மூட்டையைக் கவிழ்த்துத் திரும்ப அரியச் சொல்வாள். அப்பா செத்தபோதுகூட அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அவளை ஊருக்கெல்லாம் அழுமூஞ்சியாகக் காட்டிவிட்டார்கள்.

இதைச் சொல்லலாமே என்றால், சொன்னால் அதையும் வெட்டி ஒட்டுவார்கள். இனி ஒரு வார்த்தை கிடையாது.

ஜனவரி 23

முழங்கால்: இடித்துக்கொண்டேன். ஐஸ் வைத்தாயிற்று.

ஜெயித்தோம். மறுபடியும் என் பெயர். கோச் சாரே கெஞ்சினார், எஸ்தர் அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். அவர்களுக்காகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்பார்கள் என்று நிர்மல் சார் அடித்துச் சொன்னார். பேட்டி எடுக்கிற தாரிணி என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காகத் தினமும் கண்ணீர் விடுற உங்க அம்மாவப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

மைக்கைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கடைசி எச்சரிக்கை வந்தாயிற்று.

ஜனவரி 24

காலையிலேயே எல்லார் போனிலும் அந்தத் துண்டுப் படம். "தாயைப் பற்றிக் கேட்டதும் எழுந்து போன வீராங்கனை" என்று தலைப்பு. பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

வீட்டுக்குப் போன் செய்தேன். ராசாத்தி சித்தி எடுத்தாள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாளாம். அறுவடைக் காலம், அவளுக்கு ஏது நேரம்.

ஜனவரி 27

முழங்கால்: நல்லது. தோற்றோம். தோற்ற அணியிலிருந்து யாரையும் கூப்பிடுவதில்லை, அந்த ஒரு நிம்மதி.

சித்தியோடு பேசினேன். கட்சி வட்டத் தலைவர் ஒருவர் அரிசி மூட்டையும் படம் எடுக்க ஆளுமாக வீட்டுக்கு வந்தாராம், ஏழைத் தாய்க்கு உதவியாம். அம்மா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாளாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. அம்மாவிடம் கொடு என்றதற்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாள். பின்னால் யாரோ டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னது கேட்டது. அம்மா குரல் மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது இருக்கும்.

ஜனவரி 31

முழங்கால்: நல்லது.

அரையிறுதிக்குள் வந்துவிட்டோம். இன்றைய ஆட்டத்தில் எஸ்தர் அக்காவுக்கு விருது, நான் தப்பித்தேன். அவள் ஆண்டவரிலிருந்து தெரு நாய் வரை ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். இரவுச் சாப்பாட்டில் போட்டுப் பார்த்தால் ஆண்டவருக்கு மட்டும் இடம் கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்குப் பேசவில்லை. நான் பேசவில்லை என்பதைவிட, அங்கே யாரும் போனை எடுக்கவில்லை என்பதே சரி.

பிப்ரவரி 4

முழங்கால்: எழுதப் பிடிக்கவில்லை.

அரையிறுதியில் ஜெயித்தோம். இறுதிப் போட்டிக்குப் போகிறோம். அரங்கமே எழுந்து நின்றது. என் பெயரை அறிவித்தார்கள். நான் போகவில்லை. மூன்றாவது முறை.

உடை மாற்றும் அறையில் யாரும் என்னோடு பேசவில்லை. இறுதிப் போட்டியில் இடது ஓரம் காலியாக இருந்தால் அதற்கு நான்தான் காரணம் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. நாளை மறுநாள் கமிட்டி விசாரணை. செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் காதிலேயே அது ஏறவில்லை.

பிப்ரவரி 5

காலையில் அம்மாவே கூப்பிட்டாள். எடுத்தவுடன், "பூங்கோதை" என்றாள். முழுப்பெயரில் கூப்பிட்டால் அம்மா கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

"உன் ஆத்தா வெங்காயக் காட்டுல கெடக்குறவன்னு வெளிய சொல்ல ஒனக்குக் கேவலமா இருக்காடி?"

இல்லம்மா என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"அம்மான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நீ எந்திரிச்சுப் போயிட்ட. ஊரே போன்ல வச்சுப் பாத்துச்சு. ராசாத்தி ஒங்கிட்ட சொல்லாதன்னா, வெளையாட்டு கெட்டுப்போவும்னு. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன்."

பொங்கலுக்கு மறுவாரத்திலிருந்து அம்மா வேலைக்கே போகவில்லையாம். வெங்காயம் வாங்கும் மண்டிக்காரர் வந்து, பாவம் மருதாம்பா, நீ அழுததைப் பார்த்து என் வீட்டுக்காரியும் அழுதுவிட்டாள், இனி வீட்டில் ஓய்வெடு என்று சொல்லி, ஆள் கூட்டிப்போகும் வேலையை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாராம். அவளிடம் திட்டு வாங்கிய பெண்களெல்லாம் இப்போது வாசலில் வந்து உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்களாம். பகல் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறாள். அதைத்தான் நான் போனில் கேட்டிருக்கிறேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். 

"எனக்காவ நீ வாய மூடிக்கிட்டா, அவன் சொன்னதுதான நெசம்னு நிக்கிது? போய்ப் பேசுடி."

போனை வைத்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெங்காயம் இல்லாமலே வந்தது. ஐயோ, அவளைத் தாங்கிப் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நானே இத்தனை நாளும் கீழே தள்ளியிருக்கிறேன்.

வெளியே வந்து எஸ்தர் அக்காவிடம் முழுக்கதையையும் சொன்னேன். வெங்காயம் என்றதும் கட்டிலில் உருண்டு சிரித்தாள். மண்டிக்காரர் கதைக்கு வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 6

முழங்கால்: தயார்.

விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் கமிட்டித் தலைவர், டிவிக்காரர் ஒருவர். இந்தப் பக்கம் நானும் நிர்மல் சாரும். ஏன் பேச மறுக்கிறாய் என்று தலைவர் கேட்டார். இத்தனை நாளில் என்னை இந்தக் கேள்வி கேட்ட அதிகாரி அவர் ஒருவர்தான். பேசுகிறேன் சார், ஆனால் நேரலையில்தான் பேசுவேன், ஒரு சொல்லும் வெட்டக்கூடாது என்றேன்.

நேரலை என்பது இறுதிப் போட்டி முடிந்ததும் ஜெயித்த அணியின் சிறந்த ஆட்டக்காரிக்கு மட்டும்தானாம். மற்றதெல்லாம் பதிவு. அப்படியானால் ஜெயித்துவிட்டுப் பேசுகிறேன் என்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

நிர்மல் சாரை நான் என்னவோ என்று நினைத்திருந்தேன். மனிதர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மறுத்தவள் பேச ஒத்துக்கொண்டாள், அவளை வெளியே உட்காரவைத்தால் யாருக்கு லாபம் என்று டிவிக்காரரைப் பார்த்துக் கேட்டார். டிவிக்காரரின் கண் மின்னியது. நான் அழப்போகிறேன் என்று கணக்குப் போட்டுவிட்டார். அவரே எனக்காகச் சிபாரிசு செய்தார். இறுதிப் போட்டியில் ஆடலாம், மறுபடியும் மறுத்தால் அடுத்த சீசனே கிடையாது என்று தலைவர் தீர்ப்பு சொன்னார்.

மாலைக்குள் டிவியில் விளம்பரம் ஓட ஆரம்பித்துவிட்டது. "மனம் திறப்பாரா பூங்கோதை?" அதே வயலின்.

பிப்ரவரி 7

முழங்கால்: நல்லது. உறை துவைத்தேன். நகம் வெட்டினேன். பயமாக இருக்கிறது. ஜெயிக்க வேண்டும், அது மட்டும் போதாது, விருதும் எனக்கே வர வேண்டும். ஒருத்தி நினைத்தால் நடக்கிற காரியமா இது. எஸ்தர் அக்கா இன்று ஒத்திகை பார்க்கவில்லை, சீக்கிரம் படுத்துவிட்டாள்.

பிப்ரவரி 8

ஜெயித்தோம். ஜெயித்தோம். ஜெயித்தோம்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். முதல் பாதியில் நான் சொதப்பினேன். பேச வேண்டியதையே நினைத்துக்கொண்டு நின்றதில் கால் முந்தியது, இரண்டு முறை வெளியே உட்கார்ந்தேன். எஸ்தர் அக்காதான் அணியைத் தூக்கி நிறுத்தினாள். அவள் பாடிப் போன போதெல்லாம் யாரையாவது தொட்டுவிட்டு வந்தாள். அவள் தொட்டு வந்ததால்தான் நான் மறுபடியும் உள்ளே வந்தேன்.

கடைசிப் பாட்டு எதிரணிக்கு. நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். களத்தில் நாங்கள் மூன்றே பேர். வந்தவள் அவர்களின் சிறந்த ஆட்டக்காரி, நல்ல உயரம், நீளமான கால். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால்கூடச் சமன். என் பக்கம் கையை நீட்டினாள். நான் கையைப் பார்க்கவில்லை. அவள் எடை பின்னங்காலுக்கு மாறுகிற நேரத்துக்காகக் காத்திருந்தேன். மாறியது. விழுந்தேன். கணுக்கால் என் இரண்டு கைக்குள் இருந்தது. அவள் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கிப் போனாள். மார்பு தரையில் தேய்ந்தது. எஸ்தர் அக்கா இடுப்பில் வந்து விழுந்தாள், இன்னொருத்தி மேலே விழுந்தாள். பாட்டு நின்றது. நடுவர் விசில் ஊதியும் நான் விடவில்லை, அவர் வந்து என் விரல்களைப் பிரித்தார்.

பிறகு விருது. எஸ்தர் ஜெபராணி என்றார்கள்.

நியாயமான விருது. அதில் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு உள்ளே எல்லாம் விட்டுப்போனது. எல்லாரையும் போலக் கைதட்டினேன். அக்கா நேரலை மேடைக்கு ஏறினாள். இத்தனை வருடம் அவள் காத்திருந்த மைக் அது. தாரிணி சிரித்துக்கொண்டே வாழ்த்துச் சொல்லி மைக்கை நீட்டினாள்.

"நான் பேச மாட்டேன்" என்றாள் அக்கா.

தாரிணியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேடைக்குக் கீழே நிர்மல் சார் தலையில் கை வைத்தார்.

"எனக்குப் பதிலா எங்க கோதை பேசுவா. ஏட்டி, ஏறி வா."

நேரலை. யாராலும் வெட்ட முடியாது. ஏறினேன். அக்கா மைக்கை வாங்கி என் கையில் திணித்துவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தாரிணி சுதாரித்துக்கொண்டு, அம்மாவின் கண்ணீருக்கு இன்று பதில் கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். வேறு கேள்வியே அவளுக்குக் கொடுக்கப்படவில்லை போலிருக்கிறது.

"அது வெங்காயங்க" என்றேன்.

அரங்கம் ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தது. "பச்ச வெங்காயம் அரிஞ்சா கண்ணுல தண்ணி வரும். எங்கம்மா அழ மாட்டாங்க. அவங்ககிட்ட வேல பாத்து அழுதவங்கதான் எங்க ஊர்ல உண்டு. வேன் நெறைய ஆள வச்சு வேல வாங்குற மேஸ்திரி அவங்க. பேரு மருதாம்பாள். நான் அவங்க பொண்ணு."

முதலில் மேல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்துக் கைதட்டியது. அந்தச் சிரிப்பு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது இல்லை, எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தாரிணியும் சிரித்துவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது.

அடுத்த கேள்வி அவளிடம் இல்லை. ஆகவே நானே கேட்டுக்கொண்டேன். அந்தக் கடைசிக் காலை எப்படிப் பிடித்தேன் என்று யாரும் கேட்கவில்லையே என்றேன். பின்னங்காலுக்கு எடை மாறுவதைச் சொன்னேன். ஏன் கையைப் பார்க்கக்கூடாது என்று சொன்னேன். முதல் பாதியில் நான் செய்த தப்பைச் சொன்னேன். எஸ்தர் அக்காவின் ஒவ்வொரு பாட்டையும் வரிசையாகச் சொன்னேன். அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த நன்றிகளையும் ஆண்டவரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். விளம்பரத்துக்குப் போக வேண்டும் என்று கேமராவுக்குப் பக்கத்திலிருந்து கையைக் கையை ஆட்டினார்கள். தாரிணி இரண்டு முறை மைக்கை வாங்கப் பார்த்தாள். பிடித்ததை விட்டுப் பழக்கமில்லை எனக்கு. தெரு நாய்க்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

பிப்ரவரி 9

விடிந்ததும் அம்மா கூப்பிட்டாள். பின்னால் வேன் சத்தம், பெண்கள் சத்தம். மண்டிக்காரர் ராத்திரியே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றாராம். வீட்டுக்கு வந்து உச்சுக்கொட்டியவர்களைத்தான் முதலில் வேனில் ஏற்றியிருக்கிறாளாம். அவர்களுக்கு இன்றைக்கு இருக்கிறது கச்சேரி.

நான் பேசியதைப் பார்த்தாயா என்று கேட்டேன். ஊரே பார்த்தது என்றாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லதாக ஒரு வார்த்தை வாங்காமல் விடுவதில்லை என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"எல்லாஞ் சரிதான்டி" என்றாள் அம்மா. "கேள்வி கேட்ட அந்தப் பொண்ணையும் ஒரு வார்த்த பேச வுட்டுருக்கலாம்."